ஐம்பதுக்கு ஐம்பது வாங்கியவளின் புகார்

மூன்று வருடங்களில் நாற்பத்தொரு புகார்கள் வந்தன, நாற்பத்தொன்றும் தீர்ந்தன. பரமத்தி சாலையில் இருக்கும் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் இப்படி நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டிய துறை வேறொன்று இல்லை. கதவில் 'மாற்றுத்திறனாளி மாணவர் குறைதீர் பிரிவு' என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பவர் ஒரே ஒருவர்: கண்காணிப்பாளர் குணசீலன், வயது ஐம்பத்திரண்டு, ஜேடர்பாளையத்துக்காரர், காலையில் ஒன்றும் மதியம் ஒன்றுமாக ரத்த அழுத்த மாத்திரை போடுபவர்.

தீர்ந்தது என்றால் என்ன என்பதில் அங்கே குழப்பம் கிடையாது. ஏழாம் எண் படிவத்தின் கடைசி வரியில், 'என் புகார் என் திருப்திக்கு ஏற்பத் தீர்க்கப்பட்டது' என்று அச்சடித்திருப்பார்கள். அதன் கீழே ஒரு கையெழுத்து விழுந்துவிட்டால் தீர்ந்தது. குறை அப்படியே இருக்கலாம். அதைக் கேட்பதற்குப் படிவம் இல்லை.

குணசீலன் முன்பு தேர்வுப் பிரிவில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தார். யாரிடமும் சத்தம் போட்டதில்லை. ஓர் அலுவலகத்தில் ஒருவருக்குப் பொறுமைசாலி என்று பெயர் வந்துவிட்டால், மற்றவர்கள் பொறுமை இழக்கிற வேலைகளெல்லாம் அவர் மேஜைக்கு நடந்து வரும். இந்தப் பிரிவு அப்படி வந்ததுதான். மாற்றுத்திறனாளிகளுக்கான அறை தரைத்தளத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. தரைத்தளத்தில் காலியாக இருந்தது ஜெனரேட்டரை ஒட்டிய அறை மட்டும். விதியைக் காப்பாற்றினார்கள். கரண்ட் போகும்போதெல்லாம் குறை சொல்பவர் கத்த வேண்டும், கேட்பவர் ஊகிக்க வேண்டும்.

அவருடைய வேலைமுறை சொந்தமாகக் கண்டுபிடித்ததல்ல, அப்பா அப்புசாமியிடமிருந்து வந்தது. வாய்க்கால் தண்ணீர்த் தகராறு என்றால் அந்தப் பக்கத்தில் அப்புசாமியைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வாய்க்காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். இரண்டு வீட்டுக்கும் எந்த வழியில் சொந்தம் என்று நோண்டி நோண்டிக் கண்டுபிடிப்பார். முடிவில் ஒருவர் மாமன், இன்னொருவர் மச்சான் என்று தெரிந்துவிடும். அப்புறம் தண்ணீருக்காக எப்படி அடித்துக்கொள்வது? குணசீலனும் அப்படித்தான். புகார் வந்தால் மாணவரை உட்காரவைத்துக் காப்பி வாங்கிக் கொடுப்பார். பிறகு மெதுவாகக் கேட்பார்: "ஊட்டுல பெரியவங்க நெம்பர் குடுங்க சாமி."

பெரியவர் வருவார். யார் என்ன கூட்டம், என்ன குலம், எந்த ஊரில் பெண் எடுத்தது என்று பேச்சு ஓடும். பெரியவர் கையெழுத்துப் போடுவார். பாடம் நடத்துபவர் கரும்பலகையைப் பார்த்தே பேசுகிறார், உதட்டைப் பார்க்க முடியவில்லை என்று எழுதிக் கொடுத்த காது கேளாத பையனின் சித்தப்பா, அந்த ஆசிரியரின் மனைவிக்குத் தூரத்து அண்ணன் என்று தெரியவந்த நாளில் அந்தப் புகார் தீர்ந்தது. பார்வை மங்கிய ஒருவன் பெரிய எழுத்தில் வினாத்தாள் கேட்டான்; மேஜைக்குள் அடங்காத அளவு பெரிதாக்கிக் கொடுத்தார்கள். அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தேர்வு எழுதுவது எப்படி என்று கேட்டபோது, அவனுடைய அப்பா, "கேட்டது குடுத்தாங்கல்லோ, கம்முனு இருடா" என்றார். அதுவும் தீர்ந்தது.

நாற்பத்திரண்டாவதாகத் தமிழினி வந்தாள்.

எம்.எஸ்ஸி. விலங்கியல் முடித்தவள். வயது இருபத்து மூன்று. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "சார், எ... எ... எனக்கு..." என்று ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் ஜெனரேட்டர் எழுந்தது. அவளுக்குத் திக்குவாய். முதல் எழுத்தில் நாக்கு நின்றுவிடும். கழுத்து நரம்பு புடைக்கும். கண் ஒரு கணம் மூடும். பிறகு சொல் முழுசாக வந்து விழும். சொல்வதற்கு அவளுக்கு நேரம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எதிரில் இருப்பவர்களுக்கு அந்த நேரம் பெரிய தண்டனை.

குணசீலன் நல்லவர். நல்லவர்களால் இன்னொருவர் கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "பரீச்ச எழுதித் தர ஸ்கிரைப் வேணுங்களா?" என்று கத்தினார். அவள் தலையை ஆட்டினாள். "எச்சா டைமுங்களா? ஸ்காலர்ஷிப்பு வரலீங்களா? ஆஸ்டல்ல ஏதாச்சும் தொந்தரவா?"

வாசலில் துடைப்பத்தோடு நின்ற குப்பாயி உள்ளே எட்டிப் பார்த்தாள். அந்தக் கட்டடம் முழுக்கக் கூட்டுகிறவள். யாருக்கும் பயப்படாததற்கு அதுவே காரணம்.

"ஏனுங்க சார், அந்தப் புள்ள என்னமோ சொல்ல வருது. நீங்க சீலக்கடைக்காரனாட்டம் ஒவ்வொண்ணா எடுத்து உதறிக் காட்டறீங்களே."

குணசீலன் வாயை மூடினார். அதற்குள் தமிழினி பையிலிருந்து தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்து நீட்டிவிட்டாள். இப்படி ஆகும் என்று தெரிந்தே கொண்டுவந்திருந்தாள்.

கடிதத்தை அவர் மூன்று முறை படித்தார். முதல் முறை, மதிப்பெண் குறைந்துவிட்டது என்று புகார் போல என நினைத்தார். இரண்டாம் முறை, தட்டச்சுப் பிழை என்று நினைத்தார். மூன்றாம் முறைதான் விஷயம் இறங்கியது. மோகனூர் வட்டாரக் கோழிப்பண்ணைகளில் ஈக்கள் பெருகுவது எதனால் என்று நான்கு மாதம் ஆய்வு செய்து திட்ட அறிக்கை கொடுத்திருக்கிறாள். அதற்கான வைவா நடந்தது, அதாவது வாய்மொழித் தேர்வு. துறைத்தலைவர் கைலாசம் பெயரைக் கேட்டார். அவள் 'த'வில் நின்றாள். "தமிழினி. தெரியுமுங்க அம்மணி. சிரமப்பட வேண்டாம், போதும்" என்று அவரே சொல்லிவிட்டு ஐம்பதுக்கு ஐம்பது போட்டார். மொத்தம் இரண்டு நிமிடம். ஒரு கேள்விகூடக் கேட்காத வைவாவைத் தேர்வுப் பிரிவின் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. அங்கிருந்த எழுத்தர் பட்டியலில் பொருத்தமாகத் தெரிந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டார். மதிப்பெண் பட்டியலில், ஐம்பதுக்குப் பக்கத்தில், இப்படி வந்தது: 'வாய்மொழித் தேர்வு: விலக்கு அளிக்கப்பட்டது.'

மோகனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். தாளாளர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளையால பேச முடியாதுன்னு யூனிவர்சிட்டியே எழுதிக் குடுத்துருக்குதே கண்ணு, நான் என்ன பண்றது?" என்றாராம். ஜூலை பத்துக்குள் அந்த வரி இல்லாத பட்டியலோடு வந்தால் ஒரு மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லிப் பார்க்கலாம் என்றும் சொல்லியிருந்தார். கடிதத்தின் கடைசி வரி: 'எனவே எனக்கு முறையாக வைவா நடத்தி, அதில் வரும் மதிப்பெண்ணை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

"இருக்கற அம்பது போயிருமேம்மா" என்றார் குணசீலன்.

"ப... பரவாயில்லைங்க சார்."

அன்று ஜூன் இருபத்தாறு.

குணசீலன் போய் விஷயத்தைச் சொன்னதும் கைலாசத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் கெட்டவரல்ல, ஒருமுறை விடுதி மாணவன் ஒருவனுக்கு வலிப்பு வந்தபோது தன் காரிலேயே நாமக்கல் வரை தூக்கிக்கொண்டு போனவர்.

"பதிமூணு வருசமா நான் யாருக்கும் அம்பது போட்டதில்லீங்க. நாப்பத்தஞ்சத் தாண்டுனா எனக்குக் கையி நடுங்கும். அந்தப் புள்ள பேரச் சொல்ல முடியாம ஒரு நிமிசம் நின்னுச்சு. என்ற கண்ணே கலங்கிப் போச்சு. மனுசத்தன்மையோட செஞ்சதுக்கு எம்மேல புகாருங்களா?"

"உங்க மேல இல்லீங்க சார். மார்க்கு மேல."

"மார்க்கப் போட்டது நாந்தானுங்களே?"

குணசீலன் அங்கிருந்து எழுந்தார். பதிவாளரிடம் போனார். பதிவாளருக்கு அந்த மாதம் ஒரே கவலை: ஜூலை எட்டாம் தேதி தரமதிப்பீட்டுக் குழு வருகிறது. எல்லாப் பிரிவிலும் நிலுவை பூஜ்யமாக இருக்க வேண்டும்.

"மார்க்குப் பத்தலைன்னு வந்தா மறுமதிப்பீட்டுக்கு அனுப்பலாம். அதிகமாப் போச்சுன்னு வந்தா எங்கய்யா அனுப்பறது? அதுக்குப் பட்டனே இல்லையே" என்றார் அவர். "இந்த ஒண்ணுதான் நிலுவை. பொண்ணோட அப்பன் யாரு? உங்க வழியிலயே முடிச்சுருங்க."

அவர் வழியிலேயே போனார். தமிழினியின் அப்பா கதிர்வேல், நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் பாடி கட்டும் மேஸ்திரி. பட்டறைக்குள் நான்கு பேர் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். எனவே புகார் விசாரணை மறுபடியும் கத்தித்தான் நடந்தது. இந்த முறை கத்துவதற்கு இருவருக்கும் தொண்டை இருந்தது.

"அம்பதுக்கு அம்பதுங்களா?" கதிர்வேலுக்கு முகம் மலர்ந்தது. "எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே! அதுக்கு எதுக்குங்க புகாரு?"

"அதத்தானுங்க நானும் கேக்கறேன்."

"அது சின்னதுல இருந்தே அப்படித்தானுங்க. சொல்லும், ஆனா வாராது. நாந்தான் அதுக்கு வாயி. பஸ்ஸுல டிக்கெட் எடுக்கறதுல இருந்து ஓட்டல்ல பொரோட்டா சொல்றது வரைக்கும் நானே சொல்லீருவேன். போன் வந்தா நான் எடுத்துப் பேசீருவேன். அந்தப் புள்ளைக்கு எதுக்குங்க செரமம்?" மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டார். "எங்கீங்க கையெழுத்து? எம் புள்ள சார்பா நானே போடறனுங்க."

பேச்சினிடையே கதிர்வேலின் மாமனார் ஊரும் குணசீலனின் அண்ணன் பெண் கொடுத்த ஊரும் ஒன்று என்பதும் வெளிவந்தது. டீ வந்தது. ஏழாம் எண் படிவத்தில் கையெழுத்து விழுந்தது. கம்ப்யூட்டரில் நாற்பத்திரண்டாம் எண்ணுக்கு நேராக 'தீர்வு' என்று பச்சையில் வந்தது. பதிவாளர் வாட்ஸாப்பில் ஒரு கும்பிடு அனுப்பினார்.

தமிழினிக்கும் கம்ப்யூட்டர் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தது. மறுநாள் காலையில் அவர் கதவைத் திறப்பதற்கு முன்பே அவள் வந்து நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குக் கரண்ட் இருந்தது. ஜெனரேட்டர் தூங்கியது. அதனால் அவள் பேசியது முழுக்கக் கேட்டது. ஊகிக்க வழியில்லாமல் போயிற்று.

"சார், கை... கையெழுத்து யா... யாருதுங்க?"

"அப்பாதானுங்க அம்மணி. நேர்ல போய்ப் பேசுனேன். தங்கமான மனுசர்."

"பு... புகார் யாருதுங்க?"

அவர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார்.

"எங்கப்பா ந... நல்லாப் பேசுவாருங்க சார்" என்றாள் அவள். குரலில் அழுகை இல்லை. பேருந்து நிலையத்தில் தவறான ஊர்ப் பெயரைச் சொன்ன நடத்துநரைத் திருத்துவது போலத்தான் சொன்னாள். "அ... அவருக்கு வைவா வெக்கலீங்க. எ... எனக்குத்தான் வெக்கோணும். ப... பத்தாந் தேதி வரைக்குந்தான் டைம் இருக்குதுங்க."

இதைச் சொல்லி முடிக்க அவளுக்கு ஒன்றரை நிமிடமாவது ஆகியிருக்கும். குணசீலன் நடுவில் மூன்று முறை வாயைத் திறந்தார்.

அவள் போன பிறகு, முடிந்த புகாரைத் திறக்க முன்மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பீரோவிலிருந்து மூன்று வருடத்து ஏழாம் எண் படிவங்களை எடுத்தார். முன்மாதிரி இல்லை. கையெழுத்துகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டினார். அப்பா, அப்பா, மாமா, அம்மாவின் கைநாட்டு, சித்தப்பா, அப்பா. நாற்பத்திரண்டில் மாணவர்களே போட்டது ஏழு. அந்த ஏழில் ஒருவன், கையெழுத்துக்குப் பக்கத்தில் மிகச் சின்னதாக 'இனி கேட்க மாட்டேன்' என்றும் எழுதியிருந்தான். இத்தனை நாள் அது அவர் கண்ணில் படவில்லை; கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்.

அப்போது அவருக்கு வந்ததைக் குற்ற உணர்ச்சி என்று சொல்ல முடியாது. அதற்கும் தெம்பு வேண்டும். அவருக்கு வந்தது அசதி. முதுகு வலித்தது. இத்தனை ஊருக்குப் போய், இத்தனை டீ குடித்து, இத்தனை சொந்தம் கண்டுபிடித்தும் வேலை ஒன்றுமே நடக்கவில்லை என்று தெரியும்போது வருகிற அசதி. மாத்திரையை எடுத்து, தண்ணீர் இல்லாமலே விழுங்கினார்.

முடிந்த புகாரைத் திறக்கக் கம்ப்யூட்டரில் வழி இல்லை. ஆனால் புதுப் புகார் போட யாருக்கும் தடை இல்லை. எதிர்த்தரப்பு யார் என்கிற இடத்தில் எந்தத் துறையையும் தேர்ந்தெடுக்கலாம். பட்டியலைக் கீழே இறக்கிக்கொண்டே போனால், கடைசியில் அவருடைய பிரிவும் இருந்தது. அதைச் சேர்த்தவர், யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் சேர்த்திருக்க வேண்டும். குணசீலன் தமிழினியைப் போனில் கூப்பிட்டார். கதிர்வேல் எடுத்தார். "புள்ளைகிட்டக் குடுங்க" என்றார் குணசீலன். "என்ன விசயமுங்க, நானே சொல்லீர்றேன்" என்றார் கதிர்வேல். "இல்லீங்க, புள்ளைகிட்டத்தான்" என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. சொந்தக்காரராகிவிட்ட மனிதரிடம் அப்படிச் சொல்வது அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அன்று மாலைக்குள் நாற்பத்து மூன்றாவது புகார் பதிவானது. மனுதாரர்: தமிழினி. எதிர்த்தரப்பு: மாற்றுத்திறனாளி மாணவர் குறைதீர் பிரிவு. குற்றச்சாட்டு: மாணவியின் ஒப்புதல் இல்லாமல் அவர் புகாரை முடித்தது. விளக்கம் கேட்டு அந்தப் பிரிவின் கண்காணிப்பாளருக்கு, அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர் கடிதம் அனுப்பினார். மறுநாள் பதினோரு மணிக்கு, 'குற்றச்சாட்டு உண்மை' என்று தமக்கே பதில் எழுதினார். எதிர்த்தரப்பு தவறை ஒப்புக்கொண்டால் குழு கூட வேண்டியதில்லை, ஏழு நாளில் பரிகாரம் செய்ய வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் ஒரு பிரிவு உண்டு. அச்சான நாளிலிருந்து அதை யாரும் பயன்படுத்தவில்லை. ஒப்புக்கொண்டவர் யாரும் இல்லை. பரிகாரம் என்ற இடத்தில் குணசீலன், 'முறையாக வைவா நடத்துதல்' என்று எழுதினார்.

பதிவாளர் கோப்பை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"பிரசர் கொஞ்சம் இருக்குதுங்க."

"உங்க மேலயே நீங்க புகார் எடுத்து, நீங்களே ஒத்துக்கிட்டு, இதுல உங்க சர்வீசுக்கு ஏதாச்சும் ஆகும்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சனுங்க. ஒரு மெமோ வரும்."

"வருமுங்க. நாந்தான் குடுக்கோணும்." பதிவாளர் நாட்காட்டியைப் பார்த்தார். குழு வர எட்டு நாள் இருந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் நிலுவை, போட்டால் பூஜ்யம். நியாயம் என்கிற ஒரு காரணத்தால் மட்டும் அந்தக் கட்டடத்தில் எந்தக் கோப்பும் நகர்ந்ததில்லை. இதுவும் அப்படி நகரவில்லை. போட்டார்.

வைவா சனிக்கிழமை இரண்டரை மணிக்கு. வெளித்தேர்வாளராகச் சேலத்திலிருந்து நாஸியா என்கிற பேராசிரியை வந்திருந்தார். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. அறிக்கையை முன்பே படித்து, பக்கங்களில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். தமிழினி கேட்டுக்கொண்டபடி, குணசீலன் ஒரு தாளில் நடைமுறையை எழுதிக் கொடுத்தார்: நேரக் கட்டுப்பாடு இல்லை, மாணவி பேசும்போது யாரும் சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

கைலாசம் அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: "தலையாட்டலாமுங்களா?"

"ஆட்டலாமுங்க."

"நீங்க நல்லாத்தான் இருக்கீங்க" என்று சொல்லிக் கைலாசம் உட்கார்ந்தார்.

நாஸியா பெயரைக் கேட்டார். தமிழினி 'த'வில் நின்றாள். காற்றாடி சுற்றியது. கைலாசம் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். குணசீலன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் குறிப்பது அவர் பொறுப்பு. பதினெட்டு விநாடி. பெயர் வந்தது. யாரும் செத்துப்போகவில்லை.

பிறகு அறிக்கைக்குள் போனார்கள். கூண்டுக்குக் கீழே எரு விழுவதையும், எருவில் புழு வைப்பதையும், கொட்டகைக்குக் கொட்டகை ஒட்டும் அட்டை தொங்கவிட்டு அதில் விழுந்த ஈக்களை எண்ணியதையும் தமிழினி சொன்னாள். சில வாக்கியங்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. சில வாக்கியங்கள் கல்லில் இடித்து நின்றன. எது வரும், எது நிற்கும் என்று முன்கூட்டித் தெரியாததுதான் கேட்பவருக்குச் சிரமம். சாய்ந்து உட்காரவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது.

"ரெண்டு பண்ணையிலும் ஒரே தீவனம், ஒரே இனக் கோழி. ஆனா ஒண்ணுல ஈ மூணு மடங்கு. காரணம் என்னம்மா?" என்று கேட்டார் நாஸியா.

"அது வந்துங்க மேடம்... அந்தப் பண்ணையில... அந்தப் பண்ணையில நி... நி... நி..."

குணசீலனுக்கு விடை தெரிந்துவிட்டது. நிறைய மருந்து அடிக்கவில்லை என்று சொல்ல வருகிறாள். கைலாசமும் அதையேதான் நினைத்தார் என்பது அவர் தலையாட்டியதில் தெரிந்தது. குணசீலனின் உதடு தானாகவே அசைந்தது. அதைக் கவனித்து அடக்கிக்கொண்டார். முப்பது விநாடி. முப்பத்தைந்து. கைலாசத்தின் நெற்றியில் வியர்வை.

"நிப்பிள்" என்றாள் தமிழினி. கோழிகள் கொத்தித் தண்ணீர் குடிக்கிற சின்ன மூக்கு. "நிப்பிள் பழசுங்க மேடம். கசிஞ்சு எரு நனைஞ்சுருதுங்க. மருந்து ரெ... ரெண்டு பண்ணையிலயும் ஒரே அளவுதான் அடிக்கறாங்க. மருந்துக்கும் ஈக்கும் ச... சம்பந்தமே இல்லீங்க. நிப்பிளுக்குப் புது வாஷர் மாத்துன வாரம் ஈ பா... பாதியாக் கொறஞ்சுருச்சு. எழுவதாம் பக்கத்துல இருக்குதுங்க."

கைலாசம் வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். அறிக்கையை இழுத்து எழுபதாம் பக்கத்தைத் திருப்பினார். அவர் அதை முதல்முறையாகத் திருப்புகிறார் என்பது பக்கம் ஒட்டியிருந்ததில் தெரிந்தது. "அட" என்றார்.

நாஸியா விடவில்லை. பென்சிலை ஓர் இடத்தில் ஊன்றினார். "நல்லது. ஆனா இந்த அட்டவணையில ஒரு இடம் இடிக்குது. ரெண்டு பண்ணையிலும் ஒரே நேரத்துலதான் எண்ணுனீங்களா?"

இந்த முறை தமிழினி பேசாமலிருந்தது திக்கியதால் அல்ல. யோசித்தாள்.

"இ... இல்லீங்க மேடம். மொதப் பண்ணையில காலைல. ரெண்டாவதுல மா... மாசி மாசம் மூணு வாரம் மத்தியானம் எண்ணுனேன். அந்த ஊருக்குக் காலைல பஸ்ஸ நி... நிறுத்திட்டாங்க."

"வெயில் ஏறினா ஈ நடமாட்டம் மாறும். அப்ப அந்த மூணு வாரக் கணக்கு?"

"தப்புங்க மேடம்."

"அறிக்கையில அதை எழுதலையே?"

"எழுதலீங்க. அ... அதுவும் தப்புதானுங்க."

கைலாசம் அவளைக் காப்பாற்றும் ஆசையில் நாற்காலியில் அசைந்தார். குணசீலன் நடைமுறைத் தாளை அவர் பக்கம் மெதுவாக நகர்த்தினார். கேள்விகள் மேலும் ஆறேழு வந்தன. கடைசிக் கேள்விக்குப் பிறகு நாஸியா, "நீங்க ஏதாவது சேர்க்கணுமா?" என்று சம்பிரதாயமாகக் கேட்டார். சம்பிரதாயமாகக் கேட்டதை அவள் நிஜமாகவே எடுத்துக்கொண்டு இன்னும் ஏழு நிமிடம் பேசினாள். கடிகாரம் மூன்று இருபத்திரண்டு காட்டியது. ஐம்பத்திரண்டு நிமிடம். குணசீலன் அதைத் தாளில் குறித்துக்கொண்டார்.

மதிப்பெண் முப்பத்தேழு.

வெளியே வேப்பமரத்தடியில் கதிர்வேல் வண்டியைச் சாய்த்துவிட்டு நின்றிருந்தார். பட்டறைக்கு அரைநாள் லீவு போட்டு வந்திருந்தார். மகளைப் பார்த்ததும், "எவ்வளவு கண்ணு?" என்றார்.

"மு... மு..."

"முப்பதா? முப்பத்தஞ்சா? முப்பத்தாறா?"

அவள் அவர் ஓய்வதற்காகக் காத்திருந்தாள். "முப்பத்தேழு."

"ஐயோ, பதிமூணு போச்சா!" கதிர்வேல் குணசீலனிடம் திரும்பினார். "ஏனுங்க, என்ற கையெழுத்தே இருந்திருக்கலாமுங்களே. சொந்தமுன்னு நம்பிப் போட்டனே."

"ப... பஸ்ஸு இல்லைன்னு மத்தியானம் ஈ எண்ணுனதுக்குப்பா" என்றாள் தமிழினி. "சரியாத்தான் கொ... கொறச்சிருக்காங்க. அந்தம்மா அறிக்கை முழுசும் படிச்சுருக்காங்க. பென்சில்ல கோ... கோடு போட்டு வெச்சிருந்தாங்க." அவள் முகத்தில் அப்படியொரு திருப்தி, குறைந்த மதிப்பெண்ணை இவ்வளவு பெருமையாகச் சொன்னவர் யாரையும் குணசீலன் பார்த்ததில்லை. தேர்வுப் பிரிவில் பத்தொன்பது வருடம் இருந்தவர் அவர்.

புதிய மதிப்பெண் பட்டியல் புதன்கிழமை கிடைத்தது, ஒன்பதாம் தேதி. குழு வந்து போன மறுநாள். 'விலக்கு' என்ற சொல் அதில் இல்லை. தமிழினி வரி வரியாகப் படித்துப் பார்த்தாள். பிறகு ஏழாம் எண் படிவத்தை வாங்கித் தானே கையெழுத்துப் போட்டாள். நாளைக்கு மோகனூரில் மாதிரி வகுப்பு, பாடம் செரிமானம், நாற்பது நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள் என்றாள்.

"நாப்பது பத்துமுங்களா?" என்று கேட்டார் குணசீலன்.

"ப... பத்தாதுங்க. பா... பாதிப் பாடம் நடத்துவேன். மீதிய அடுத்த நாளைக்குன்னு சொ... சொல்லுவேன்."

"அடுத்த நாள் கூப்புடோணுமே?"

"பாதிக் கதையில யாராச்சும் நி... நிறுத்துவாங்களா சார்?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குழுவுக்குக் காட்டிய பட்டியலில் நாற்பத்து மூன்றாம் எண்ணுக்கு நேராக 'பரிகாரம் செய்யப்பட்டது' என்று மட்டும் இருந்தது. இப்போது விவரத்தை நிரப்ப வேண்டும். 'மாணவருக்குக் கிடைத்த பயன்' என்ற கட்டத்தில் குணசீலன், 'மதிப்பெண் பதின்மூன்று குறைக்கப்பட்டது' என்று தட்டினார். பத்து நிமிடத்தில் பதிவாளரின் போன் வந்தது.

"இதப் படிக்கறவங்க நம்மளப் பத்தி என்னய்யா நெனைப்பாங்க? அந்த அப்பன் வேற கோர்ட்டு கேசுன்னு கெளம்பீரப் போறான். அவங்கிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிருக்கீங்கல்ல?"

"இல்லீங்க. புள்ள போட்டிருக்குது."

"அது மட்டும் போதுமுங்களா?"

குணசீலன் ஏழாம் எண் படிவத்தை எடுத்துத் தமிழினியின் கையெழுத்தை இன்னொரு முறை பார்த்தார். பதிவாளர் இரண்டு முறை ஹலோ, ஹலோ என்றார். ஜெனரேட்டர் ஓடவில்லை, லைன் நன்றாகத்தான் இருந்தது.

"போதுமுங்க" என்றார் குணசீலன். போனை வைத்துவிட்டு, தமக்கு வந்திருந்த மெமோவை எடுத்து, அதற்கு என்ன விளக்கம் எழுதுவது என்று யோசிக்க ஆரம்பித்தார்.